ஒரு சொம்புத் தண்ணீரும் ஆறு பிள்ளைகளும்

பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு மத்தியானம் சத்தமே இல்லாமல் போகிறது என்றால், ஒன்று பிள்ளைகள் தூங்குகிறார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டார்கள்.

என்னைப் போல அடுத்தவர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற அக்கா தங்கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் அம்மாக்கள் வேலை முடிந்து வரும்வரை ஐந்து பிள்ளைகள் என்னிடம். என் மகள் கயலோடு ஆறு. எல்லாம் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில். நான் ஆறாவது வரைதான் படித்தேன். பெரியவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். பிள்ளைகளிடம் அது இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் வருவார் என்று.

ஒரு நாள் கயல் என் ஹேர்பின்னையும் பேனா மூடியையும் வாளியில் போட்டாள். ஒன்று முழுகியது, ஒன்று மிதந்தது. ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் அதையே பார்த்தார்கள். அடுத்தவர் பிள்ளையைப் பார்க்கிறவளுக்குப் பத்து நிமிஷம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தண்ணீர்ப் பாடம் ஆரம்பித்துவிட்டேன்.

வாளி போய் சொம்பு வந்தது

எங்கள் சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர். குடங்களை வரிசையில் வைப்பது, முந்துகிறவர்களைப் பின்னால் தள்ளுவது எல்லாம் எதிர்வீட்டுக் கன்னியம்மாக்கா. அந்த வேலைக்கு அவரை யாரும் வைக்கவில்லை, யாரும் எடுக்கவும் முடியாது. ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தவர், ஆறு பிள்ளைகளும் முழங்கை வரை நனைந்து வாளியைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "ஊரே குடத்தத் தூக்கிகினு ஓடுது, நீ தண்ணிய வச்சி வேடிக்க காட்டிகினு கீறியா?" என்று அவர் கேட்டது சந்து முழுக்கக் கேட்டது.  எனக்கு எப்போதுமே பதில் மறுநாள்தான் வரும்.

மறுநாள் வந்த பதில் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு சொம்பு, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அந்த ஒரு சொம்பையே எல்லாப் பாடத்துக்கும் ஓட்ட வேண்டும் என்றால் பாடங்களை அழுக்கு வரிசையில் வைக்க வேண்டும். முதலில் சுத்தமான தண்ணீர்ப் பாடம்: டம்ளரைக் கவிழ்த்தாலும் கொட்டாத பாடம், ரூபாய்க் காசின் மேல் எத்தனை சொட்டு நிற்கும் என்ற பாடம். பிறகு அதே தண்ணீரில் மிதப்பது, முழுகுவது. பிறகு மிளகுத்தூள், சோப்பு. கடைசியில் அதே தண்ணீரால் வாசல்படியைக் கழுவிவிடுவேன். உப்புப் பாடத்துக்கு மட்டும் அரை டம்ளர்தான், ஏனென்றால் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரம் கதவோரம் நின்று இதையெல்லாம் கவனித்த கன்னியம்மாக்கா கடைசியில் சொன்னார்: "இந்தச் சொம்புத் தண்ணிக்கு மட்டும் வாயி இருந்துச்சின்னா, என்னாண்ட வந்து அழுவும்டி."

பத்திரிகை

டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு அட்டையை வைத்து, கையால் அழுத்திக் கவிழ்த்துக் கையை எடுத்தால் தண்ணீர் கொட்டாது. காற்று கீழேயிருந்து தாங்கிக்கொள்ளும். இதற்குக் கல்யாணப் பத்திரிகையைப் போல ஒரு அட்டை கிடையாது. வழவழப்பு, தடிமன், சரியான அளவு. எங்கள் வீட்டு ஆணியில் பத்திரிகைகள் குத்தி வைத்திருக்கும். மேலே இருந்ததை எடுத்தேன். ஆறு பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று தடவை கவிழ்த்தார்கள். எழுத்தெல்லாம் ஊறி, சிவப்புச் சாயம் டம்ளருக்குள் இறங்கி, பத்திரிகை கஞ்சி மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் மேல் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலை செய்கிறார். சாயங்காலம் வந்து ஆணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது அவருடைய மேஸ்திரி மகளின் பத்திரிகையாம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கயலை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் நாளைக்கு. மண்டபம் எங்கன்னு இப்ப அந்த டம்ளராண்டதான் கேக்கணும்."

ரசம்

தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவினால் மேலேயே மிதக்கும். சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால் மிளகு நாலா பக்கமும் ஓடும். மிதக்கிற பாடத்துக்குக் கத்தாத பிள்ளைகள்கூட இதற்குக் கத்துவார்கள். அதில் ஜெனி என்று ஒருத்தி, நாலு வயது. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சோப்பைத் தொட்டுக்கொண்டு வந்து ரசச் சட்டியில் விரலை விட்டுவிட்டாள்.

ஜெனியின் அம்மா ஆரோக்கியம் அக்கா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவர். மறுநாள் பிள்ளையை விட வந்தவர் வாசலிலேயே நின்றார். "இத பாரு தேவி, அடுத்த மாசம் பெரிய ஸ்கூல்ல இவள எல்கேஜிக்கு வரச் சொல்லிகிறாங்க. பரிச்சைன்னு சொல்லமாட்டாங்க, சும்மா பேசிப் பாப்போம்னுதான் சொல்லுவாங்க. அதுல பாஸாயிட்டான்னா சீட்டு. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பகல் பூரா இவ உன்னாண்டதான் கீறா. சீட்டு கெடச்சாலும் உன்னாலதான், கெடைக்கலன்னாலும் உன்னாலதான்."  ஆறாவதோடு நின்றவளிடம் ஒரு பிள்ளையின் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. ரசத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தெருமுனையில் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: "மொளகு ஓடலன்னு எம்புள்ள அழுவுது. சோப்பு ரசத்தக் குடிச்ச அவங்கப்பன் நல்லாகீதுன்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி கேக்குறாரு!"

கடலுக்கு உப்பு போதாது

வெறும் தண்ணீரில் முழுகும் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும். வீடியோவில் அப்படித்தான். உப்பை எடுக்கப் போனபோது ஜெனி தடுத்தாள். "அத்த, எங்கப்பா கடல் தண்ணி எடுத்தாருவாரு. அதான் உப்பாச்சே." எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. லாரித் தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம். ஜெனியின் அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். மறுநாள் கரைக்கு வந்ததும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று பார்க்க வாசலிலேயே நின்றுவிட்டார்.  கடல் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, "இப்ப பாருங்க, மிதக்கும்" என்று முட்டையை விட்டேன். முட்டை கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முட்டை கெட்டதா, வீடியோ பொய்யா, கடல் கடல்தானா, ஒன்றும் புரியவில்லை. வேறு வழி தெரியாமல் சமையல் உப்பை ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். முட்டை அசையவில்லை. இரண்டு. மூன்றாவது ஸ்பூனில் லேசாக எழுந்தது. நாலாவதில் மேலே வந்து தலையைக் காட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, உப்புக் கரிக்கிறதெல்லாம் முட்டையைத் தூக்குகிற அளவுக்கு உப்பு இல்லை என்று. ஜெனியின் அப்பா குனிந்து டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பதினஞ்சி வருசமா கடல்ல கீறேன் தேவி, அதுக்கு உப்பு பத்தாதுன்னு இன்னிக்கிதான் தெரியும்."

தேவைப்படாத பாடம்

எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும் என்று காட்ட நினைத்தேன். டம்ளரில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டேன். மற்ற பிள்ளைகள் "ஐ, மஞ்சா!" என்றார்கள். அதில் இலக்கியா என்று ஒருத்தி. எழுந்து போய்க் கரித்துணியை எடுத்து வந்தாள். துணியின் நுனியை எண்ணெய் மேல் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு துணியை மடித்துத் தன் இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் துடைத்துக்கொண்டாள். அவள் காலில் ஒன்றும் படவில்லை. ஏன் துடைக்கிறாய் என்று கேட்டேன். "ஆத்துலேர்ந்து வந்தா தொடச்சிட்டுதான் வூட்டுக்குள்ள வரணும்" என்றாள்.

இலக்கியாவின் அம்மா பார்வதி எண்ணூர்ப் பக்கம் ஆலைக் கழிவு கலக்கிற ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். என் வயதுதான். சாயங்காலம் அவளிடம் இதைச் சொன்னபோது ஏதோ தப்புச் செய்துவிட்டது போல எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அவள் கோபப்படவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்கு அந்தப் பாடம் வாணாம் தேவி. சில நாளு ஆத்துல மொதல்ல எண்ண, அப்பாலதான் தண்ணி."

காய்வதற்குள்

ஆரோக்கியம் அக்கா தினமும் கேட்க ஆரம்பித்தார். ஏபிசிடி ஆச்சா, பேர் எழுதுறாளா, நோட்டு எங்கே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெரிய எழுத்து இருபத்தாறும், கடைப் பலகைகளில் படிக்கிறதும்தான். நோட்டும் பென்சிலும் கொடுத்தால் ஜெனி பென்சிலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். அதனால் வாசல் சிமென்ட் தரைக்குக் கூட்டிப் போனேன். மூன்று மணி வெயிலில் தரை சுடும். விரலைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் எழுத்து கறுப்பாக விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போய்விடும். தண்ணீர் எங்கே போகிறது என்பது ஒரு பாடம், எழுத்து இன்னொரு பாடம். முதல் எழுத்து மறைவதற்குள் கடைசி எழுத்தை எழுதிவிட வேண்டும் என்று பந்தயம் வைத்தேன். ஜே, ஈ, என், ஐ. முதல் நாள் அவள் 'என்'னுக்கு வரும்போது 'ஜே' போய்விட்டது. பத்தாவது நாள் நாலு எழுத்தும் ஒன்றாகத் தரையில் நின்றன. தன் பேர் காய்ந்து போவதை அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசி ஈரம் வரை பார்த்தாள்.

சாயங்காலம் ஆரோக்கியம் அக்கா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். நானாகப் போய் ஒரு பெரியவரிடம் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் தரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வெயிலும் இறங்கிவிட்டது, திரும்ப எழுதிக் காட்டச் சொன்னால் ஜெனிக்குத் தூக்கம், அம்மா தோளில் சாய்ந்துவிட்டாள். நாள் முழுக்க ஐஸில் கிடந்த கையால் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே ஆரோக்கியம் அக்கா சொன்னார்: "பேர எழுதுனான்னு நீ சொல்ற, தரைல ஒண்ணியும் காணும். நான் எத நம்பட்டும் தேவி?"

எந்தத் தண்ணி?

அந்த நாள் வந்தது. ஜெனி தனியாக அழுவாள் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூட மிஸ்ஸுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அன்பாகத்தான் பேசினார். பேர் கேட்டார், சொன்னாள். ஆப்பிள் என்ன கலர் என்றார், சொன்னாள். "தண்ணி என்ன கலர்?" என்றார்.

ஜெனி யோசித்தாள். "எந்தத் தண்ணி மிஸ்?"

"எந்தத் தண்ணியா? தண்ணிதாம்மா."

"காலைல பைப்புல மொதல்ல வர்றது மஞ்சா. அப்பால வர்றது வெள்ள. கன்னியம்மா ஆயா டிரம்முல கீறது பச்ச. இலக்கியா வூட்டாண்ட ஆறு கறுப்பு, மேல மட்டும் வானவில்லு."

மிஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஏதோ எழுதினார். "பேசிக்ஸ் இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கணும்" என்றார். ஆரோக்கியம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து நான் ஒரு டீச்சர் முன்னால் வாய் திறந்ததில்லை. "அவ பாத்ததத்தான் சொல்றா மிஸ்" என்றேன். "என்னம்மா?" என்றார். திரும்பச் சொன்னேன். "கேக்கலைம்மா." மூன்றாவது தடவை என் குரல் எனக்கே கேட்டது.

மிஸ் மேஜை மேல் இருந்த கண்ணாடி டம்ளரை ஜெனி பக்கம் நகர்த்தினார். "அப்ப இது என்ன கலர்?" ஜெனி கண்ணை டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். டம்ளருக்குப் பின்னால் மிஸ்ஸின் கை. "இதுக்குக் கலர் இல்ல. உங்க வெரலு தெரியுது. பெருசா தெரியுது." மிஸ் தன் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் போடுவோம், பாருங்க" என்றார்.  ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஆரோக்கியம் அக்கா சொன்னார்: "ஒரு தண்ணிய கேட்டா ஒரு தண்ணிய சொல்லக்கூடாதா? எதுக்கு இத்தினி தண்ணி?"

லிஸ்ட்

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது, எல்லாம் இங்கிலீஷில், பெரிய எழுத்தில். சுற்றிலும் அப்பாக்களும் அம்மாக்களும் முண்டிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் அக்கா ஜெனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ படி தேவி" என்றார். நான் மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் மூன்றாவது தடவை மேலிருந்து ஆரம்பித்தேன்.

ஜெனி விரலை நீட்டினாள். "அம்மா, ஜே இங்க கீது. அங்க ஒண்ணு கீது. அந்த ஜேக்கு அப்பால ஓ கீது. இந்த ஜேக்கு அப்பால ஏ கீது. ஈ கெடையாது." பலகையின் அடி வரை விரலை இழுத்துக்கொண்டு போனாள். "என் பேரு இல்லம்மா."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பி ஜெனியைப் பார்த்தார். ஆரோக்கியம் அக்காவும் பார்த்தார். அவர் முகத்தில் அழுகை வரப்போகிறதா சிரிப்பு வரப்போகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் வராமல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "இவளுக்கு ஒண்ணியும் தெரியலன்னுதானே சீட்டு குடுக்கல. இல்லன்றதையே இவதான் படிச்சான்னு இப்ப அவங்களாண்ட யாரு போய்ச் சொல்றது?"

நான்தான் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மிஸ் அறைக்கு வெளியே இருபது பேர் நின்றார்கள். என் முறை வரும்வரை சொல்ல வேண்டியதை மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "மிஸ், ஜெனி பேரு லிஸ்ட்ல இல்லை. அத எங்களுக்குப் படிச்சிச் சொன்னதே ஜெனிதான்" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அவர் "என்னம்மா?" என்று கேட்கவில்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். சீட்டு எல்லாம் முடிந்துவிட்டது, அதை அவரால் மாற்ற முடியாது, அடுத்த வருஷம் யூகேஜிக்கு இடம் வந்தால் கூட்டி வாங்க என்றார். ஒரு துண்டுத்தாளில் ஜெனியின் பேரை எழுதி வைத்துக்கொண்டார். சீட்டு கிடைக்கவில்லை. 

ஆரோக்கியம் அக்கா மரத்தடியில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நாளையிலிருந்து பிள்ளையை வேறு இடத்தில் விடப்போகிறார் என்று நினைத்து அதற்கும் தயாராக இருந்தேன். அவர் முந்தானையால் ஜெனியின் மூக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வருசம் வரிக்கும் எம்புள்ள உன்னாண்டதான் கீது. மூக்கச் சிந்திகினு நிக்காத, நாளைக்கி எத முழுவடிக்கப் போற, அத சொல்லு."

பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காட்டுவது எனக்கு எப்போதும் சுலபமாகத்தான் இருக்கிறது, பெரியவர்களுக்குப் பிள்ளைகளைக் காட்டும்போதுதான் தொண்டை காய்ந்துபோகிறது.